இருநிறத் தூண்டிலிரை வார்ப்பு: குறைகளும் அவற்றை நீக்கும் முறைகளும்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் வயலும் கடலும் அடுத்தடுத்து உள்ளன. மாரி மழையை நம்பி ஒருபோகம் விதைக்கும் குடும்பங்கள் பல, எஞ்சிய மாதங்களிற் கடலையும் நம்பி வாழ்கின்றன. வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களைச் சூழ்ந்த கடலிற் பாரை, சீலா, கொடுவா முதலிய மீன்கள் தூண்டிலில் அகப்படுவன. இவை சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களைத் துரத்தி உண்ணும் இயல்பின. ஆதலாற் சிறு மீனின் உருவும் அசைவும் உடைய போலியிரையையும் கௌவும். உயிரிரை கிடையாத நாட்களில் இத்தகைய இரை பெரிதும் உதவும்.

போலியிரைகளுள் மென்பிளாத்திக்கால் வார்க்கப்பட்டவை மீனின் வாயில் மெதுவாயிருப்பவை. நீரில் இழுக்கும்போது வாலை நன்கு அசைப்பவை. ஆனால் அவை நெடுநாள் உழைப்பதில்லை. சீலாவின் ஒரே கடியில் வால் அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் கடையில் வாங்குவது கட்டாது என்று எண்ணுவோர் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். ஒருநிற இரையை வார்ப்பது எளிது. முதுகு ஒரு நிறமும் வயிறு வேறு நிறமுமாக வார்க்கத் தொடங்கும்போதே இடர்கள் தோன்றுகின்றன. இரை இரண்டாகப் பிளக்கின்றது, நிறங்கள் கலந்து கலங்குகின்றன, கொப்புளங்கள் எழுகின்றன. இக்குறைகளின் காரணத்தை அறிந்தவர் அவற்றை எளிதில் நீக்கிக்கொள்வர். அறியாதவர் பொருளையும் பொழுதையும் இழப்பதோடு கையையும் சுட்டுக்கொள்வர்.

1. இருநிறம் எதற்கு?

சூடைமீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் முதுகு நீலப்பசுமையாகவும் வயிறு வெள்ளியாகவும் இருத்தலைக் காணலாம். மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கரிய முதுகு ஆழ்ந்த நீரோடு ஒன்றித் தோன்றும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிறிய வயிறு வானொளியோடு ஒன்றித் தோன்றும். இருநிற இரை இவ்வியற்கையைப் பின்பற்றியது. எனினும், இரையின் அளவு, அசைவு, அது செல்லும் ஆழம் என்பன சரியாக அமைந்த பின்னரே நிறத்தைப்பற்றிக் கருதுதல் வேண்டும். கோணலாக நீந்தும் இரைக்கு எந்த நிறமும் கைகொடாது. ஆதலால் ஒருநிற இரையைப் பழுதின்றி வார்க்கக் கற்றவரே இருநிற வார்ப்பைத் தொடங்குதல் நன்று.

2. பொருளின் தன்மை

இவ்விரைக்குரிய பொருள் பொலிவைனைல் குளோரைட்டு என்னும் பிளாத்திக்காகும். இயல்பில் வன்மையான இப்பொருளை எண்ணெய் போன்ற திரவங்களாற் குழைத்து மென்மையாக்கும் வழியை 1926ஆம் ஆண்டில் வால்டோ சீமன் என்னும் இரசாயன அறிஞர் கண்டறிந்தார். அவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் ஓர் இறப்பர்க் கம்பனியிற் பணியாற்றியவர். அதே நகரில் வாழ்ந்த நிக் கிரீம் என்பவர் 1949ஆம் ஆண்டில் இத்தகைய மென்பிளாத்திக்கை மண்புழுவின் உருவில் வார்த்துத் தூண்டிலிரை ஆக்கினார். இன்று உலகெங்கும் விற்பனையாகும் மென்பிளாத்திக்கு இரைகள் அவ்வழியில் வந்தவையே.

வார்ப்புக்கென விற்கப்படும் மூலத்திரவம் பாலைப் போன்றிருக்கும். இதனைப் பிளாத்திசோல் என்பர். மென்மையாக்கும் எண்ணெயில் நுண்ணிய பிளாத்திக்குத் தூள் மிதக்கும் கலவை அது. சூடேறும்போது தூள் எண்ணெயை உறிஞ்சிப் பருக்கும். திரவம் கூழாகத் தடிக்கும். மேலும் சூடேறி 175 பாகை செல்சியசு (ஏறக்குறைய 350 பாகை பரனைற்று) அளவை அண்மும்போது, கூழ் மீண்டும் இளகித் தெளிந்த தேன்போல் ஓடும். இதுவே வார்க்கும் பதம். ஆறியதும் அது இறப்பர் போன்ற மென்திண்மமாகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் உருகும்.

இருநிற வார்ப்பின் இரகசியம் இக்கடைசி இயல்பிலேயே அடங்கியுள்ளது. இரு நிறங்களையும் ஒட்டவைக்கப் பசை எதுவும் இல்லை. இரண்டாவதாக ஊற்றப்படும் சூடான நிறம் முதல் நிறத்தின் மேற்றோலைச் சிறிது உருக்குகின்றது. உருகிய தோலும் புதிய திரவமும் ஒன்றாய் ஆறுகின்றன. முதல் நிறம் மிக ஆறியிருந்தால் அதன் தோல் உருகாது. இரண்டாவது நிறம் வெறுமனே மேலே படிந்திருக்கும். முதல் நிறம் இன்னும் திரவமாயிருந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆதலால் இரண்டு ஊற்றுகளுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதே இத்தொழிலில் முதன்மையானது.

3. தொடங்குமுன் கவனிக்கவேண்டியவை

நெடுந்தீவில் ஒருவர் கையைக் கடுமையாகச் சுட்டுக்கொண்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைவதற்குக் குறிகட்டுவான் வரையும் படகிலும் பின்னர் தரைவழியாலும் செல்லவேண்டும். அதற்குள் பல மணி கழிந்துவிடும். ஆதலாற் பின்வரும் விதிகளை எவரும் கைவிடலாகாது.

(அ) பழைய செருப்பு, நீர்க்குழாய், மின்கம்பியின் உறை ஆகியவற்றை உருக்கி இரை செய்ய முயலக்கூடாது. அவற்றிலுள்ள சேர்க்கைகள் நஞ்சாக இருக்கலாம். கருகும்போது அவை ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். அவ்வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். இரை வார்ப்புக்கென விற்கப்படும் திரவத்தையே பயன்படுத்துக. அதனையும் 200 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கலாகாது.

(ஆ) சமையலறையில் உருக்கக்கூடாது. உருக்கிய பாத்திரத்தைப் பின்னர் சமையலுக்கு எடுக்கக்கூடாது. சிறுவர் அண்மையில் நிற்றலாகாது.

(இ) நீளக்கை உடுப்பு, கண்ணாடி, தோற்கையுறை, மூடிய பாதணி என்பன வேண்டும். உருகிய பிளாத்திக்குத் தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும்.

(ஈ) ஈரம் சிறிதும் ஆகாது. ஈரமான அச்சிலோ கரண்டியிலோ உருகிய பிளாத்திக்குப் பட்டால் நீர் ஆவியாகிச் சூடான திரவத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும்.

(உ) பாத்திரம் தீப்பற்றினால் நீர் ஊற்றற்க. அடுப்பை அணைத்து மூடியால் மூடுக, அல்லது உலர்ந்த மணலை இடுக. மூடியும் மணல்வாளியும் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

(ஊ) சுட்டுவிட்டால் அவ்விடத்தைக் குளிர்ந்த தூய நீரில் இருபது நிமிடம் பிடிக்க. ஒட்டிய பிளாத்திக்கை உரித்தெடுக்க முயலாது வைத்தியரிடம் செல்க. எண்ணெய், பற்பசை முதலியவற்றைப் பூசுதல் தவறு. கிணற்று நீர் அருமையான இடங்களில், ஒரு பெரிய வாளி நன்னீரைத் தொழில் தொடங்குமுன்னரே நிறைத்துவைத்தல் அறிவுடைமை.

4. காற்றும் வார்ப்பும்

புகையின்பொருட்டு இத்தொழிலை வெளியிற் செய்தல் வேண்டும். ஆனால் தீவுப்பகுதியிற் காற்று ஓயும் நாட்கள் சிலவே. சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் திறந்த முற்றத்தில் வைக்கப்பட்ட அச்சு மிக விரைவில் ஆறிவிடும். அதிலும் காற்றுப்படும் பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் ஆறும். காலையில் அமைதியான வேளையில் வார்த்த பன்னிரண்டு இரைகள் நன்றாக அமைந்தன என்றும், அதே திரவத்தை அதே சூட்டில் பிற்பகலில் வார்த்தபோது எல்லாம் தலைப்பக்கத்திற் பிளந்தன என்றும் வைத்துக்கொள்க. திரவம் கெட்டதென்றே பலரும் எண்ணுவர். உண்மையிற் கெடுத்தது பிற்பகற் காற்றாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பனையோலை வேலியின் அல்லது கல்மதிலின் மறைவில், காற்று மேலாகச் செல்லும் இடத்தில் அச்சை வைக்க. மூடிய அறைக்குட் செல்லவேண்டியதில்லை. வார்ப்பவர் புகை தம் முகத்தைவிட்டு விலகிச் செல்லும்படி நிற்றல் வேண்டும். அச்சைச் சுற்றி மூன்று பக்கமும் செங்கல் அடுக்கினாலும் போதும். காற்றுத் தணிந்திருக்கும் வைகறைப் பொழுதே இவ்வேலைக்குச் சிறந்தது.

5. வார்க்கும் முறை

அச்சைப் பாரிசாந்தினாலோ சிலிக்கோனாலோ செய்யலாம். பாரிசாந்து அச்சைப் பல நாள் நிழலிலும் வெயிலிலும் உலர்த்திய பின், நீர் கலந்த வெள்ளைப் பசையை இருமுறை பூசி மீண்டும் முற்றாக உலர்த்துக. அச்சை மட்டமான பலகையில் வைத்து, நீர்மட்டம் கொண்டு சரிபார்க்க.

இரு நிறங்களுக்கும் இரு சிறு பாத்திரங்கள் வேண்டும். நேரே சுடரில் வைத்தால் அடி கருகும். தடித்த சட்டியில் உலர்ந்த மணலை இட்டுச் சூடாக்கி, அம்மணலிற் பாத்திரங்களைப் புதைத்து வைத்தால் சூடு சீராகப் பரவும். திரவத்தை மெதுவாகக் கிண்டி, அதன்பின் வெப்பமானியிற் பார்க்க. கிண்டாத திரவத்தின் மேற்பரப்பு உண்மையான சூட்டைக் காட்டாது.

முதலில் வயிற்று நிறத்தை அச்சின் பாதியளவுக்கு ஊற்றுக. வால் மெல்லியதாகையால் அதனை முதலில் நிரப்புக. பின் ஓர் ஊசியால் அச்சின் ஓரத்தை மெல்லத் தொடுக. நூல்போல் இழுபட்டால் இன்னும் பொறுக்கவேண்டும். இழுபடாது சிறு பள்ளம் விழுந்து, மேற்பரப்பு இன்னும் கைக்குச் சூடாகத் தோன்றினால் அதுவே தகுந்த வேளை. இரண்டாவது நிறம் அப்போது முழு வார்ப்புச் சூட்டில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முதல் நிறம் ஊற்றிய பின்னர் இரண்டாவதைச் சூடாக்கத் தொடங்குவது பெரும்பாலோர் செய்யும் தவறாகும். இரண்டாவது நிறத்தை உயரத்திலிருந்து ஊற்றாது, பாத்திரத்தின் வாயை அச்சுக்கு அண்மையிற் பிடித்து, மெல்லிய தாரையாக நீளவாக்கில் ஊற்றுக.

6. குறைகளும் நிவர்த்தியும்

இரை இரண்டாகப் பிளத்தல்: முதல் நிறம் மிகுதியாக ஆறியமை, இரண்டாவது நிறம் சூடு குறைந்தமை, இடையில் எண்ணெய் அல்லது தூசி படிந்தமை என்பன காரணங்கள். மினுக்கத்தூளை முதல் நிறத்தின் மேற்பரப்பில் தூவினாலும் ஒட்டு நலியும். அதனைத் திரவத்தினுள்ளேயே கலத்தல் வேண்டும். முதல் நிறம் ஆறிவிட்டதெனத் தோன்றினால், சூடான காற்றை ஊதும் கருவியால் மேற்பரப்பு மீண்டும் பளபளக்கும்வரை சூடாக்கியபின் ஊற்றலாம். அக்கருவி இல்லையெனில் அதனை எடுத்து மீண்டும் உருக்குக. பிளந்த இரையைப் பசையால் ஒட்டிக் கடலுக்குக் கொண்டுசெல்லுதல் வீண். வார்த்த மறுநாள் ஒவ்வோர் இரையையும் பொருத்திடத்தில் வளைத்துப் பார்த்துப் பின்னரே தூண்டிலில் இடுக.

பொருத்திடத்தில் நிறங்கள் கலங்குதல்: முதல் நிறம் உறையுமுன் ஊற்றியமை அல்லது வேகமாக ஊற்றியமை காரணம். சற்றுப் பொறுத்து, தாரையை மெலிதாக்குக. கலக்கம் ஒரே பக்கத்திற் காணப்பட்டால் அச்சு சரிந்துள்ளதென அறிக.

சில நாட்களின் பின் நிறம் பரவுதல்: வார்த்தபோது தெளிவாயிருந்த கோடு ஒரு கிழமையில் மங்கி, சிவப்பு வெள்ளையினுட் புகுந்துவிடும். இது வார்ப்பின் குறையன்று, நிறத்தின் குறை. எண்ணெயிற் கரையும் சாயம் மென்பிளாத்திக்கினூடே நகர்ந்து செல்லும். கரையாத நிறத்தூள் அவ்வாறு செல்லாது. கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் பெரும்பாலும் பரவுபவை. ஆதலால் வெள்ளை வயிற்றை விரும்புவோர் முதுகுக்கு நிறத்தூளையே பயன்படுத்துக. புதிய நிறமொன்றை வாங்கினால் முதலில் ஓரிரு இரைகளை மட்டும் வார்த்து, ஒரு கிழமை வைத்துப் பார்த்தபின் பெருந்தொகையாக வார்க்க.

கொப்புளம் எழுதல்: அச்சின் ஈரமும் வேகமாகக் கிண்டும்போது புகுந்த காற்றும் காரணங்கள். மாரிகாலத்தில் நன்கு உலர்ந்த பாரிசாந்து அச்சும் மீண்டும் ஈரத்தை உறிஞ்சும். வார்க்குமுன் அதனை இளஞ்சூட்டில் உலர்த்துக. நிறம் கலந்த திரவத்தைச் சூடாக்குமுன் சில மணிநேரம் அசையாது வைத்தால் காற்று வெளியேறும்.

முதுகு பள்ளமாதல்: பிளாத்திக்கு ஆறும்போது சுருங்குவதால் நேர்வது. அச்சின் விளிம்புக்கு மேல் சிறிது குவியும்படி ஊற்றுக. பள்ளம் தோன்றினால் சூடு ஆறுமுன் மீண்டும் சிறிது ஊற்றுக.

இலகுவிற் கிழிதல் அல்லது பிசுபிசுத்தல்: திரவம் முழுப்பதம் அடையாமையே பெரும்பாலும் காரணம். பாலின் வெண்மை மாறாத திரவத்தை ஊற்றினால் அது உறைந்தாற்போலக் காணப்படும், ஆனால் வலுவிராது. தெளியும்வரை சூடாக்குக. மென்மையாக்கும் எண்ணெயை மிகுதியாகச் சேர்த்தாலும் இக்குறை தோன்றும்.

மஞ்சளாதலும் கருகலும்: சூடு மிகுந்தமையாலோ பலமுறை உருக்கியமையாலோ நேர்வது. வெள்ளை நிறத்தில் இது விரைவில் வெளிப்படும். ஆதலால் வெள்ளைக்குப் புதிய திரவத்தையும், முதுகின் கருநிறத்துக்கு முன்னர் உருக்கிய திரவத்தையும் பயன்படுத்துதல் சிக்கனமாகும். புகை எழக் கண்டால் உடனே பாத்திரத்தை அடுப்பினின்றும் அகற்றுக.

பக்கவாட்டிற் சரிந்து நீந்துதல்: தூண்டில் நடுவிற் பொருந்தாமை, ஒரு பக்கம் தடித்தமை, ஒரு நிறத்தில் மட்டும் மினுக்கத்தூளோ உப்போ மிகுந்து பாரமானமை என்பன காரணங்கள். பாரமான நிறம் வயிற்றுப்பக்கம் இருக்குமாறு வார்த்தால் இரை நிமிர்ந்து நிற்கும். சோதிக்கும்போது வாளியிற் கடல்நீரையே எடுக்க. உப்புநீர் நன்னீரைவிட மிகுதியாக மிதக்கச் செய்யுமாதலால், கிணற்று நீரிற் செய்த சோதனை கடலிற் பொருந்தாது.

வால் கோணுதல்: முற்றாக ஆறுமுன் அச்சிலிருந்து இழுத்தமையும் பெட்டியில் மடித்துவைத்தமையும் காரணங்கள். கொதித்து இறக்கிய நீரில் வாலைச் சில வினாடி அமிழ்த்தி, நேராக்கி, உடனே குளிர்நீரில் இடுக.

7. காத்துவைத்தல்

இவ்விரையிலுள்ள எண்ணெய் சில வன்பிளாத்திக்குப் பெட்டிகளையும் வர்ணப்பூச்சையும் இளக்கும். பொலித்தீன் பைகளில், நிறம் நிறமாகப் பிரித்து, வெயிற்படாத இடத்தில் தட்டையாக வைக்க. வேறுவகை இழுபடும் பிளாத்திக்கால் ஆன இரைகளோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிப்போவதுண்டு. இரையைத் தொட்ட கையைக் கழுவியபின் உணவு உண்க. சிறுவர் விளையாட இவற்றைக் கொடுக்கற்க.

8. குறிப்பேடும் கழிவும்

ஒவ்வொரு வார்ப்பின்போதும் நான்கு செய்திகளைக் குறித்துவைத்தல் வேண்டும். அவை இரு நிறங்களின் சூடு, இரு ஊற்றுகளுக்கும் இடைப்பட்ட வினாடிகள், காற்றின் நிலை, மறுநாள் வளைத்துப் பார்த்ததன் முடிவு என்பனவாம். சிறிய இரைக்கு ஒரு கணக்கும் தடித்த இரைக்கு வேறொரு கணக்கும் வரும். பிறர் சொல்லும் வினாடிக் கணக்கு அவருடைய அச்சுக்கும் அவருடைய முற்றத்துக்குமே பொருந்தும். ஐந்தாறு முறை குறித்துப் பார்த்தவர் தம் அச்சுக்குரிய இடைவேளையைத் தாமே கண்டுகொள்வர்.

கிழிந்த இரையைக் கடலில் எறிதல் பெருந்தவறு. அது மக்காது, மீன் விழுங்கினால் அதன் வயிற்றிற் கிடந்து தீங்கு செய்யும். இத்தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடற்புல் வெளிகளிலேயே நாளைய மீன்குஞ்சுகள் வளர்கின்றன. வள்ளத்தில் ஒரு சிறு டப்பாவை வைத்து, அறுந்த துண்டுகளையும் தங்கூசித் துண்டுகளையும் அதில் இட்டுக் கரைக்குக் கொண்டுவருக. தங்கூசியைப் பிரித்து எடுத்துவிட்டு, மென்பிளாத்திக்கை நன்னீரிற் கழுவி முற்றாக உலர்த்திய பின் கரும்முதுகு வார்க்க மீண்டும் உருக்கலாம். உப்பும் ஈரமும் உள்ள துண்டைப் பாத்திரத்தில் இடவேண்டாம்.

சுருக்கமாகக் கூறின், உலர்ந்த அச்சு, காற்று மறைவு, முழுச்சூட்டில் ஆயத்தமான இரண்டாவது நிறம், உறைந்தும் ஆறாத முதல் நிறம் ஆகிய நான்கும் அமைந்தால் இருநிற இரை பிளவாது. குறை தோன்றும்போது திரவத்தை மாற்றுமுன் இந்நான்கையும் வரிசையாகச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு செய்பவர் பொருட்செலவின்றித் தம் தொழிலைத் திருத்திக்கொள்வர். கையிற் காயமின்றி மறுநாளும் கடலுக்குச் செல்வர்.